பிறந்த வீட்டுக் கோடி

பன்றிக் காய்ச்சல் ஊருக்குள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே நான் மதுரையில் முகமூடியோடு திரிந்துகொண்டிருந்தேன். வெயில் காலத்தில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிறவனைப் பார்ப்பது போலத்தான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்டவன் நான். கூட்டமான இடத்துக்குப் போகாதீர்கள், போயே ஆகவேண்டுமென்றால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டு வாசலைத் திறந்தாலே கூட்டத்துக்குள் விழுகிற ஊரில் இருந்துகொண்டு இந்த உத்தரவை எப்படிக் கடைப்பிடிப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திருப்பரங்குன்றத்தில் வீடு. டவுனில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. காலையில் டவுன் பஸ் ஏறினால் பக்கத்து சீட்காரர்கள் கரிசனத்தோடு விசாரிப்பார்கள். பெரும்பாலானவர்கள் நான் பல் பிடுங்கியிருப்பதாக முடிவு கட்டி, ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்லுவார்கள். ஒரு அம்மா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, முருகனுக்கு வாய்ப்பூட்டு நேர்ந்திருக்கிறேனா என்று பயபக்தியோடு கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இறங்குகிற வரைக்கும் வேறு யாரும் என்னைப் பேச வைத்து விரதத்தைக் கெடுத்துவிடாமல் அவரே காவல் காத்துக்கொண்டு வந்தார். என் நோய்க்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் உச்சம்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆடியில் எல்லாம் தலைகீழானது. வடக்கே பூனாவில் ஆட்கள் சாகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. பிறகு சென்னை என்று வந்தது. மருந்துக்கடைகளில் முகமூடி தீர்ந்துபோய், கைக்குட்டையை மடித்துக் கட்டிக்கொண்டவர்கள் ஒன்றிரண்டு பேர் தென்பட்டார்கள். ஆனால் மதுரைக்காரர்களின் தர்க்கம் வேறு. முகமூடி போட்டவனுக்கு ஏற்கெனவே காய்ச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் அவன் ஏன் போடுகிறான்? நான் பஸ்ஸில் ஏறியதும் சீட்டில் இருப்பவர்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் போல எழுந்துகொள்வார்கள். இறங்க மாட்டார்கள், முன்னால் போய் நின்றுகொள்வார்கள். கண்டக்டர் டிக்கெட்டை நுனி விரலால் நீட்டுவார். எனக்கு அவர்களைக் கண்டு பயம், அவர்களுக்கு என்னைக் கண்டு பயம். இப்படி ஒரு சமத்துவத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

என்னைக் கலங்க வைத்தது பேப்பரில் வந்த ஒரு வரி. யார் இறந்தாலும் செய்தியின் கடைசியில் அது இருக்கும். பொதுமக்கள் பீதியடைய வேண்டாம், இறந்தவருக்கு ஏற்கெனவே வேறு நோய்கள் இருந்தன. நூலகத்துக்கு வருகிற பேராசிரியர்கள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, 'அதானே பாத்தேன்' என்று நிம்மதியாகப் பேப்பரை மடிப்பார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் அந்த வேறு நோய்களோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த வரி வேறு மாதிரிக் கேட்கும். ஊரின் பீதியைத் தணிப்பதற்கென்று தனியாக எடுத்து வைக்கப்பட்ட ஆட்கள் நாங்கள். நாங்கள் செத்தால் அது சாவுக் கணக்கில் சேராது, ஆறுதல் கணக்கில் சேரும்.

என் நிலைமையை இப்படிச் சொல்லலாம். ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைத்தால், உடம்பின் காவல்காரன் அதைத் திருடன் என்று நினைத்து அடித்தே கொன்றுவிடுவான். அதனால் காலையும் மாலையும் மாத்திரை கொடுத்து அவனைத் தூங்க வைக்க வேண்டும். ஆயுசுக்கும் தூங்க வைக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், நிஜமான திருடன் வந்தாலும் அவன் எழுந்திருக்க மாட்டான். சாதாரணச் சளியே எனக்குப் பெரிய விஷயம். இந்தப் புதுக் காய்ச்சல் வந்தால் சிறுநீரகம் போகும், அதோடு நானும் போவேன் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார்.

அந்தச் சிறுநீரகம் என் அக்காவுடையது.

அக்காவைக் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சானுக்குத் தேங்காய் யாவாரம். தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, காய்களை லாரியில் ஏற்றி வடக்கே அனுப்புவார். சில சமயம் லாரியோடு அவரும் போவார். எனக்குச் சிறுநீரகம் இரண்டும் செத்துப்போன சமயத்தில், அக்காவுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்ததும் அவருடைய வீட்டில் பெரிய கலகம். கட்டிக் கொடுத்த பெண்ணின் உடம்பில் பிறந்த வீட்டுக்காரனுக்கு என்ன பாத்தியதை என்று அவருடைய அம்மா கேட்டார். கேள்வி நியாயமானது. புருஷன் கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு நகரும். மச்சான் போட்டுவிட்டு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டுல ஒன்னு போனா என்ன மாப்ள? எங்கிட்டயும் லாரி ரெண்டு இருந்துச்சு. ஒன்ன வித்துட்டேன். மிச்சம் இருக்கிறது சரியாத்தான் ஓடுது."

அந்த லாரி மாசத்தில் பாதி நாள் பட்டறையில் நிற்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அக்கா அருகில்தான் இருந்தாள். லாரியோடு தன்னை ஒப்பிட்டதற்கு அவரை முறைத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சிறுநீரகத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொடுத்த பொருளைப் பற்றி விசாரிப்பது நாகரிகமில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நலம் விசாரிக்கிறவர்கள் படையெடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியை நேரில் வந்து பார்க்காவிட்டால் அது சாகிற வரைக்கும் பேச்சாகிவிடும். பார்க்க வந்தவரை வாசலோடு அனுப்பினால் அது செத்த பிறகும் பேச்சாக இருக்கும். என் மனைவி கேட்டைப் பூட்டி, வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டாள். ஆரஞ்சுப் பழத்தோடு பஸ் ஏறி வந்த உறவுக்காரர்கள் தெருவில் உட்கார வைக்கப்பட்டு, கம்பி வழியாக என்னைப் பார்த்தார்கள். மிருகக்காட்சி சாலையில் இருக்கிற பிராணியின் மனநிலை எனக்கு அப்போது புரிந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

மச்சான் ஒருத்தர்தான் கோபித்துக்கொள்ளாதவர். லேசாக மூக்கு ஒழுகினாலும் தானாகவே கேட்டுக்கு வெளியே நின்றுகொள்வார். அந்த ஆடியிலும் அப்படித்தான் வந்தார். பூனாவுக்கு லோடு கொண்டுபோய்விட்டுத் திரும்பிய கையோடு எங்கள் தெருவில் லாரியை நிறுத்தினார். நாற்காலியைக்கூடத் தொடவில்லை. எதிர்வீட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினார்.

"மாப்ள, கிட்ட வரல. சளி புடிச்சிருக்கு. வெளிய வராத, அங்கிட்டே நில்லு."

அங்கேயிருந்தே பேசினார். தெரு முழுக்கக் கேட்டது. காய் விலை இறங்கிவிட்டதை, மகன் டிப்ளமாவில் இரண்டு பேப்பர் கோட்டை விட்டதை, அக்காவுக்கும் அவருடைய அம்மாவுக்கும் நடக்கிற பனிப்போரை எல்லாம் அந்தப் பக்கமிருந்து கூவினார், நான் இந்தப் பக்கமிருந்து கூவினேன். நடுவே இருமல் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு சாக்குத் தேங்காயைக் கேட்டடியில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அத்தனை காயையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி வெயிலில் காய வைத்தாள். அதைப் பார்த்து நான் கேலி செய்தேன். எனக்குக் காய்ச்சல் வராமல் போனதற்கு அந்தச் சோப்பு காரணமா, எதிர்வீட்டுச் சுவர் காரணமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வாரமே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஊரில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அவருக்குச் சர்க்கரை ஏகத்துக்கு இருப்பது தெரிந்தது. அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். லாரிக்காரர்கள் மத்தியில் மானம் போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் வெந்தயத்தை மென்றுகொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் நான்தான் நோஞ்சான், அவர் பயில்வான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவரும் அந்த வேஷத்தைக் கலைக்கவில்லை.

அவர் படுத்திருந்த வார்டும் என் வீடும் ஒரே ஊரில்தான். ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். டாக்டரிடம் போனில் கேட்டேன். மதுரையில் நீங்கள் போகக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அதுதான் என்றார். அக்கா வார்டு வாசலிலிருந்து பேசுவாள். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், இன்றைக்குத் தேவலை, இன்றைக்குத் தேவலையில்லை. ஒவ்வொரு தடவையும் முடிக்கும்போது, இந்தப் பக்கம் வந்துவிடாதே என்பாள். நான் வருவதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று எப்படியோ அவள் மனதில் பதிந்திருந்தது. உண்மையில் நான் ஈஸி சேரில் உட்கார்ந்து வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விடிகாலையில் அவர் போய்விட்டார். மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. இறந்தவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தது என்று கடைசி வரி சொன்னது. யார் யாரெல்லாம் அதைப் படித்து நிம்மதியானார்களோ.

எங்கள் வழக்கத்தில், புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வரவேண்டும். கோடி என்போம். கூடப் பிறந்தவன் அதைக் கொண்டுவந்து தன் கையால் அவள் தோளில் போர்த்த வேண்டும். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தம். அது விழுந்த பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

போகவேண்டும் என்று நான் சொன்னதும் மனைவி சண்டை போடவில்லை. சண்டை போடாதபோதுதான் அவளிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். வாடகைக் கார் பேசினாள். கண்ணாடியை இறக்கக்கூடாது, ஊருக்குள் போகக்கூடாது, காரை விட்டு இறங்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தாள். கோடியை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். நான் ஒப்புக்கொண்டேன். அங்கே போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சேலை வாங்கவேண்டும். ஆடித் தள்ளுபடி சமயம். கடைத்தெருவில் ஜனம் பிதுங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலுக்கு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை, அல்லது தள்ளுபடி பயத்தை வென்றிருந்தது. நான் காருக்குள் கிடக்க, அவள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, வியர்த்து வழிய ஒரு பையோடு வந்தாள். வெளிர்நீலம், ஓரத்தில் மெல்லிய கோடு. அக்காவுக்கு வெள்ளை கொடுக்க அவளுக்கு மனமில்லை. பைக்குள் சேலையோடு ஒரு எவர்சில்வர் டம்ளரும் குலுக்கல் கூப்பனும் இருந்தன. இலவசமாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். பில் போடுகிறவர், எல்லாருக்கும் உண்டு அக்கா, கார் விழுந்தாலும் விழும் என்று கையில் திணித்திருக்கிறார். சாவுக்கு எடுக்கிற சேலை என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாவம், அவர் என்ன செய்திருப்பார்.

ஊர் முனையில் தண்ணீர்த் தொட்டியோரம் காரை நிறுத்தினோம். அங்கேயிருந்து பார்த்தால் தெருவும், சாமியானாவும், சேரில் உட்கார்ந்திருக்கிறவர்களும் தெரிந்தார்கள். கேத வீடு வழக்கம் போலத்தான் இருந்தது. பங்காளிகள் வரிசை கட்டி நின்று இரண்டு கையையும் நீட்ட, வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கைகளைத் தொட்டுக்கொண்டே போனார்கள். முதல் கையைத் தொட்ட கை கடைசிக் கை வரை போயிற்று. கடைசியில் நின்றவர் அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு நீட்டினார். வைரஸுக்கு இதைவிட நல்ல வரவேற்பை யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. காருக்குள் நானும் மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்த ஒருவர் பௌடரைத் தூவிக்கொண்டு, சீக்கிரம், சீக்கிரம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். உடம்பைப் பாலித்தீனில் சுற்றித்தான் கொடுத்திருந்தார்கள். பிரிக்கக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, வாயில் அரிசி போடக்கூடாது. ஒவ்வொரு சடங்காகப் பிடுங்கிவிட்டார்கள். மிச்சமிருந்தது கோடி ஒன்றுதான். அதனால்தான் அவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

என் சித்தப்பா மகன் முதலிலேயே வந்து அங்கே இருந்தான். கார் பக்கம் ஓடி வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினான்.

"அண்ணே, நீ இரு. நான் கொண்டுபோயி போத்திட்டு வாரேன். பங்காளி கையும் ஒன் கைதான்."

அவன் பின்னாலேயே மச்சானின் பெரியப்பா வந்துவிட்டார். கம்பு ஊன்றி நடக்கிற மனிதர். கூடப் பிறந்தவன் செத்துப்போயிருந்தால் மட்டும்தான் பங்காளி கோடி போடலாம், உயிரோடு கண்ணெதிரில் உட்கார்ந்திருக்கிறவனை விட்டுவிட்டு அடுத்தவன் போட்டால் அவனையும் சேர்த்துக் கேதம் கொண்டாடியதாக ஆகும் என்று விளக்கினார். நான் செத்திருந்தால் எல்லாமே சுலபமாக முடிந்திருக்கும். உயிரோடு இருந்து காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியில் முகத்தை வைத்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"ஏப்பா, முழுகாத பொணம். ஒரு வாய் அரிசி இல்ல. இந்தக் கோடி ஒன்னாவது மொறையா விழுகட்டும்ப்பா."

அவர் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. சித்தப்பா மகன் வீட்டுக்கு ஓடினான், திரும்பி வந்தான். அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். தம்பி காரை விட்டு இறங்கி இந்தத் தெருவுக்குள் வந்தால் நான் கோடியே வாங்க மாட்டேன், எடுக்கிறவர்கள் அப்படியே எடுங்கள் என்று. கோடி இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று பெரியவர்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாலித்தீனுக்குள் மச்சான். நான் வருகிற வரைக்கும் அவர் போகமுடியாது, நான் வந்தால் அவருக்குப் பின்னால் நானும் போகவேண்டியிருக்கும். அவர் இருந்திருந்தால் இதற்கு ஏதாவது லாரி உதாரணம் சொல்லியிருப்பார்.

போய்விடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு சேலையைப் போர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சை அடக்கிக்கொண்டு போய்விட்டு வந்துவிடலாம். பையை எடுத்துக்கொண்டு கதவின் பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். குழந்தைகள் திறந்துகொண்டு விழுந்துவிடாமல் இருக்கப் பின்கதவில் ஒரு பூட்டு இருக்குமே, அதைப் புறப்படும்போதே போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். மனைவி மறுபக்கக் கண்ணாடி வழியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்த நான் பிடியை இழுத்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது வீட்டுப் பக்கம் ஒப்பாரி நின்றது. நிமிர்ந்து பார்த்தால், அக்கா வந்துகொண்டிருந்தாள்.

பிணம் எடுக்கும் முன்னால் பொண்டாட்டிக்காரி அதன் பக்கத்தை விட்டு எழுந்ததை அந்த ஊர் பார்த்திருக்காது. பின்னால் நாலைந்து பெண்கள் பிடித்து இழுத்தார்கள், அவள் உதறிக்கொண்டு நடந்தாள். தலை நிறையப் பூ வைத்து உட்கார வைத்திருந்தார்கள். முந்தானையால் மூக்கையும் வாயையும் அழுத்திப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வரை அவர் பக்கத்தில் இருந்தவள். எனக்கு அந்த ஊரிலேயே மிக ஆபத்தான ஆள் அவள்தான் என்பதை என்னைவிட அவள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றாள். ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஒரு தடவை காற்றைப் பார்த்துவிட்டு, அவள் பக்கத்துக் காற்று எங்கள் மேல் வராதபடி அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து நின்றுகொண்டாள்.

"தம்பி, கதவத் தொறந்து விடுங்க" என்றாள் டிரைவரிடம். பிறகு என்னிடம், "எறங்கு. சேலைய கார் மேல வையி. வச்சுட்டு உள்ள போயிரு."

இறங்கினேன். காரின் முன்பக்க மூடி கொதித்தது. சேலையைப் பிரித்து அதன்மேல் வைத்தேன். காற்று தூக்கியது. கையால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"கல்லு வையி."

கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவளுக்கும் என் கண்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். முகமூடி நனைந்தால் அதனால் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நனைந்துவிட்டது. மனைவி என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அக்கா வந்து கல்லை எடுத்துக் கீழே போட்டாள். சேலையைத் தானே எடுத்துத் தன் தோளில் போர்த்திக்கொண்டாள். கம்பு ஊன்றிய பெரியவர் பதறிப்போனார்.

"கை படலயேம்மா. அவன் கை பட்டு விழணும்ல."

"அவன் வச்சான், நான் எடுத்தேன். இன்னைக்கு ஒரு பொணம் போதும் மாமா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஆனால் கண்ணாடிக்கு உள்ளேயும் கேட்டது. திரும்பி நடந்தாள். நீலச் சேலை தோளிலிருந்து வழுக்கியது, இழுத்துவிட்டுக்கொண்டே போனாள். காருக்குள் இருந்த என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உடனே எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியும் தண்ணீர்த் தொட்டியோரமாகத்தான். எங்கள் டிரைவர் காரைப் பின்னால் எடுத்து வழி விட்டார். கொட்டு முதலில் போயிற்று. தீச்சட்டியோடு அக்கா மகன் போனான், டிப்ளமாவில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருக்கிறவன். பிறகு மச்சான் போனார். முன்னால் போனவர்கள் இறைத்த பூவும் பொரியும் காற்றில் பறந்து வந்து எங்கள் கண்ணாடியில் ஒட்டின. டிரைவர் பழக்கத்தில் வைப்பரைப் போட்டுவிட்டார். இரண்டு வீச்சில் கண்ணாடி சுத்தமாகிவிட்டது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு அவரை அதட்டினாள். நிறுத்தினார். அதற்குள் பாடை வளைவில் திரும்பிவிட்டது.

அந்த ஊரில் என்னைக் காருக்குக் கோடி போட்டவன் என்று சொல்வதாகச் சித்தப்பா மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். நல்ல பட்டம்தான். இன்னொருவருக்குக் கிடைத்திருந்தால் நானே ரசித்துச் சிரித்திருப்பேன். கருமாதிக்கு நான் போகவில்லை, அக்கா வரக்கூடாது என்றாள். அதற்கு முன்பே அவளிடம் பேசுவது அபூர்வமாகிவிட்டது. போன் பண்ணினால் மகன்தான் எடுப்பான். அம்மா குளிக்குது மாமா. அம்மா தூங்குது மாமா. அம்மா தோப்புக்குப் போயிருக்கு. துக்கத்தில் இருக்கிறவள், என்னோடு பேசப் பிடிக்கவில்லை போல, இருக்காதா பின்னே என்று நினைத்துக்கொண்டேன். என் உடம்புச் சூட்டை அளப்பதில் மும்முரமாக இருந்தேன். அது ஏறவே இல்லை.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு நாள் மகன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்த இரண்டாம் நாளே அக்காவுக்குக் காய்ச்சல். தேங்காய் அடுக்கி வைக்கிற கொட்டகையில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். ஊர் நர்சம்மா மாத்திரை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் கால் இரண்டும் வீங்கி, சிறுநீர் குறைந்து, மதுரைக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்வரை வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளிடம் மிச்சமிருந்த அந்த ஒற்றைச் சிறுநீரகம் பாதி களைத்துவிட்டது, இனிமேல் அது பழைய மாதிரி ஆகாது, மாசாமாசம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஏற்கெனவே வேறு நோய் உள்ளவர்கள் என்று நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அலைந்தபோது, அந்த வரிக்குள் அவளும் இருக்கிறாள் என்பது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. அவளிடமிருந்து ஒன்றை எடுத்து, அந்த வரிக்குள் அவளை நிறுத்தியவன் நான்தான்.

அவளையே கூப்பிடச் சொன்னேன். வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"ஏன்க்கா எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ கெளம்பி வந்துருவ."

ஆமாம் என்று சொல்லவேண்டிய இடம். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மதுரையில் ரெண்டு நாளாக மழையாமே என்று கேட்டாள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லையாம், தோப்பில் பிஞ்சுக் குரும்பையெல்லாம் உதிர்கிறதாம்.